ஆர்ட்டீமியா முட்டையும் மீன்குஞ்சின் முதலுணவும்

கண்ணாடித் தொட்டிகளில் வண்ண மீன்களை வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. சென்னைக் கொளத்தூரில் பல குடும்பங்கள் இதனையே தொழிலாகக் கொண்டு பிழைக்கின்றன. இத்தொழிலில் ஈடுபட்டோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. மீனை முட்டையிடச் செய்வது அத்துணைக் கடினமன்று. பொரித்த குஞ்சுகளை முதற் பத்து நாள் காப்பாற்றுவதே கடினம். வயிற்றடியில் ஒட்டிய மஞ்சட்கரு தீர்ந்தவுடன் குஞ்சிற்கு உணவு வேண்டும். அவ்வுணவு அதன் சிறு வாய்க்குள் நுழையத்தக்கதாயும், கண்ணெதிரே அசைவதாயும், நீரைக் கெடுக்காததாயும் இருத்தல் வேண்டும். அவித்த கோழிமுட்டையின் மஞ்சளைக் கரைத்து விடுவோர் உளர். அதில் குஞ்சு தின்பது சிறிது, தொட்டியில் அழுகுவதே பெரிது. ஆகவேதான் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையை உலகெங்கும் கையாளுகின்றனர். டப்பாவை வாங்குவோர் பலர். முட்டையை உணவாக்கும் முறையைச் செவ்வையாக அறிந்தோர் சிலரே. அம்முறையை ஈண்டு ஆராய்வோம்.

ஆர்ட்டீமியா இறாலைப் போலத் தோன்றினும் இறாலன்று. ஓர் அங்குலத்தின் பாதிக்கும் குறைவான நீளமுடையது. பதினொரு இணைக் கால்களை அசைத்து மல்லாந்து நீந்துவது. 1755-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளங்களில் ஷ்லோஸர் என்பார் இதனைக் கண்டு விவரித்தார். பகைவரை எதிர்க்க இதனிடம் யாதொரு கருவியும் இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பிருக்க, அதனினும் மும்மடங்கு செறிந்த உப்பிலும் இது வாழும். மீன்கள் அங்கு வாழா. உப்பே இதற்கு அரண் எனலாம். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு. அங்குள்ள இனத்தில் ஆணின் துணையின்றியே பெண் தன் குலத்தைப் பெருக்குகின்றது. அப்பக்கத்து மாணவர் விடுமுறையில் ஒரு குப்பி உப்பள நீரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்குவாராயின் நல்லதொரு பாடம் பெறுவர்.

நிலைமை சாதகமாயிருக்குங்கால் ஆர்ட்டீமியா உயிருள்ள குஞ்சுகளையே ஈனும். உப்பு மிகுந்து பிராணவாயு குறையுங்கால் தடித்த பழுப்பு ஓட்டினுள் கருவை அடைத்து வெளிவிடும். முட்டை என்று நாம் வழங்கும் இது உண்மையில் வெறும் முட்டையன்று. ஏறத்தாழ நாலாயிரம் உயிரணுக்கள் வரை வளர்ந்து, அவ்வளவில் வளர்ச்சியை நிறுத்தி உறங்கும் கருவேயாம். உலர்ந்தபோது ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரை அதன் உறுப்புகளைச் சிதையாமற் காக்கின்றது. ஈரம் படாது வைத்தால் ஆண்டுகள் பல கழிந்தும் உயிர்க்கும். ஒரு முட்டையின் குறுக்களவு மில்லிமீட்டரில் கால் பாகமே. ஒரு கிராம் எடையில் இரண்டு முதல் மூன்று லட்சம் முட்டைகள் அடங்கும்.

ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து ஆல்வின் ஸீல் 1933-இலும், நார்வே நாட்டு ரோலப்ஸன் 1939-இலும் இவற்றின் குஞ்சு மீன்குஞ்சிற்கு ஏற்ற உணவென்று எழுதினர். இக்காலத்தில் உலகத்துக்கு வேண்டிய முட்டையில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துப் பேருப்பு ஏரியிலிருந்து வருகின்றது. இலையுதிர் காலத்தில் நீர்மேல் பழுப்புப் பட்டைகளாக மிதக்கும் முட்டைகளைப் படகில் சென்று வாரி எடுப்பர். இவ்வளவு தொலைவு கடந்து வரும் பொருள் மலிவாய்க் கிடைக்குமென்று எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும் டப்பாவின் விலையை மட்டும் பார்த்து வாங்குதல் பேதைமை. நூற்றுக்குத் தொண்ணூறு பொரிக்கும் சரக்கில் கிராமுக்கு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட குஞ்சு கிடைக்கும். ஐம்பது பொரிப்பதில் அதன் பாதியே கிடைக்கும். பொரியாத மிகுதியோ வெறுமனே நில்லாது, மீன்தொட்டிக்குள் சென்று தீங்கிழைக்கும். எனவே புதிய டப்பாவைத் திறந்ததும் நூறு முட்டையை எண்ணி ஒரு கிண்ணத்து உப்புநீரில் இட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் பொரித்தவற்றை எண்ணிப் பார்த்தல் நலம். எஞ்சிய சரக்கைக் காற்றுப் புகாது மூடிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

பொரிக்க வைக்கும் கலம் அடி குறுகியதாயிருத்தல் நன்று. பெரிய பிளாஸ்டிக் புட்டியின் அடிப்பாகத்தை அறுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாற் போதும். குளோரின் நீங்கிய நீர் ஒரு லிட்டருக்குக் கல்லுப்பு 25 கிராமும், சமையற் சோடா ஒரு சிட்டிகையும் கரைத்து, முட்டை ஒரு கிராம், மிஞ்சினால் இரண்டு கிராம் இடுக. காற்றுக் குழாயை அடிமட்டம் வரை இறக்கி, முட்டை ஓரிடத்தும் தேங்காதவாறு வலுவாகக் காற்றை விடுக. முதற் சில மணி நேரம் விளக்கொளி படுதல் இன்றியமையாதது. ஒளியே உறங்கும் கருவைத் தட்டியெழுப்புவது. உஷ்ணம் 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கலாம். குளிர்நாட்டார் இதற்கென மின்சாரம் செலவிடுகின்றனர். நமக்கு அக்கவலை இல்லை. சித்திரை வெயிலில் மட்டும் கலத்தை நிழலான இடத்தில் வைத்தல் வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் நீர் செம்மஞ்சள் நிறம் பெறும்.

இனித்தான் விரைவு வேண்டும். பிறந்த குஞ்சுக்கு வாய் திறந்திராது. தன் கருவுணவைக் கொண்டே அது வாழ்கின்றது. அவ்வுணவே மீன்குஞ்சுக்குச் சேரவேண்டிய சத்தாகும். சுமார் எட்டு மணி நேரத்தில் அது தோலுரித்து அடுத்த பருவமெய்தும். அப்பொழுது சத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுவதோடு, உடல் பெருத்து, விரைந்து நீந்தி, மீன்குஞ்சின் வாய்க்குத் தப்பவும் கற்றுக்கொள்ளும். காலையிற் பொரித்ததை இரவு வரை வைத்திருந்து ஊட்டுவோர் உமியை ஊட்டுவோரை ஒப்பர். உடனே ஊட்ட இயலாதாயின், குளிர்பெட்டியில் 4 டிகிரிக்குக் கீழ் ஒரு நாள் வரை வைத்துச் சத்துக் கெடாது காக்கலாம்.

குஞ்சைப் பிரிக்கக் காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் விடுக. வெற்றோடுகள் மேலே மிதக்கும். பொரியாதவை அடியில் தங்கும். கீழ்ப்புறம் விளக்கைக் காட்டினால் குஞ்சுகள் ஒளியை நாடிக் கூடும். அடியில் தங்கியதை முதலில் விலக்கி, பின்னர்க் குழாயால் குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி, மெல்லிய வலைத்துணியில் வடித்து, நன்னீரால் அலசியே தொட்டியில் விட வேண்டும். நன்னீரில் அவை சில மணி நேரமே உயிரோடிருக்கும். ஆதலின் சிறிது சிறிதாகப் பலமுறை இடுக.

எவ்வளவு கவனமாய்ப் பிரித்தாலும் ஓடு சில கலந்தே வரும். மீன்குஞ்சு அதனை விழுங்கின் சீரணமாகாது குடலை அடைக்கும். ஆகவே ஓட்டையே முன்னதாகக் கரைத்துவிடும் முறையை நாம் பெரிதும் விரும்புகின்றோம். முட்டையை நன்னீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் குழிந்தவை உருண்டையாகும். வடித்த பின், வெளுப்புக்குப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் இடுக. நூற்றுக்கு ஐந்து பங்கு குளோரின் தரும் திரவமாயின் ஒரு கிராம் முட்டைக்குப் பத்து மில்லிலிட்டரும், அத்துடன் நாலு மில்லிலிட்டர் நீரில் கரைத்த காஸ்டிக் ஸோடா 0.15 கிராமும் வேண்டும். இடைவிடாது கலக்குக. ஓடு கரையுங்கால் உஷ்ணம் எழும். அது 40 டிகிரியைத் தொட்டாற் கரு மடியுமாதலின், பனிக்கட்டியை அருகில் வைத்திருப்பது அவசியம். பழுப்பு நிறம் சாம்பலாகிப் பின் செம்மஞ்சளாகும். இது ஐந்து முதல் பதினைந்து நிமிஷ வேலை. செம்மஞ்சள் நிறம் கண்டதும் வடித்து, குளோரின் வாடை அறவே நீங்கும்வரை ஓடும் நீரில் கழுவி, லிட்டருக்கு ஒரு கிராம் ‘ஹைப்போ’ கரைத்த நீரில் சிறிது நேரம் தோய்த்து, மீண்டும் கழுவுக. கண்ணுக்கும் கைக்கும் காப்பணியின்றி இதிற் புகுதல் ஆகாது. அமிலம் எதனையும் அத்திரவத்தோடு சேர்த்தலும் ஆகாது. சேர்த்தால் நச்சுக் காற்று வெளிப்படும்.

இவ்வாறு ஓடு நீங்கிய கருவை உப்புநீரில் பொரிக்கவும் வைக்கலாம், அப்படியே மீனுக்கு ஊட்டவும் செய்யலாம். பொரிப்பதில் செலவாகும் சத்து இதில் செலவாவதில்லை. பொரித்த குஞ்சைவிட உருவிற் சிறியதாதலின் சிறு வாய்க்கும் ஏற்கும். லிட்டருக்கு 300 கிராம் உப்புக் கரைந்த நீரில் இட்டுக் குளிர்பெட்டியின் இருளில் வைத்தால் பல வாரம் கெடாது. ஓடு போனபின் சூரிய ஒளியைத் தடுக்கும் திரையும் போயிற்றாதலின் வெயில் படலாகாது. எனினும் இக்கரு அசைவதில்லை. நீரில் தானே அடியிற் சென்று படியும். தரையில் மேயும் கோரிடோராஸ் போன்ற மீனின் குஞ்சுகள் இதனை எளிதில் தேடித் தின்னும். அசைவதையே இரையென்று கருதும் தேவதை மீன்குஞ்சுக்கோ உயிருள்ள இரையே வேண்டும். சண்டை மீன்குஞ்சின் வாய்க்கு முதற் சில நாள் இரண்டுமே பெரியன. அதுவரை குளத்து நீரிலுள்ள கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களை வளர்த்து ஊட்டி, பிறகே ஆர்ட்டீமியாவைத் தொடங்க வேண்டும்.