மறைத்துக் காட்டும் கலை

நுழையும்முன்

வானின் பேரொளியையும் நிலத்தின் நிழலையும் மனிதக்கண் ஒருசேரக் காண்கிறது. ஒளிப்படக் கருவிக்கு அத்திறன் குறைவு. அக்குறையை நிரப்பவே, பல படங்களை இணைத்து ஒன்றாக்கும் கலை வளர்ந்தது. இன்று அது கணினியில் 'லேயர் மாஸ்க்' எனப்படும் அடுக்கு மறைப்பாக விளங்குகிறது. அதன் வரலாறு, செயல்முறை, அதனைக் கையாள்வோரின் பொறுப்பு ஆகியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இரு தகடுகள், ஒரு படம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒளிப்படக் கலைஞர்கள் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் நீர்மத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்தனர். அத்தகடு நீல ஒளியை விரைந்து ஏற்றது. பச்சை, சிவப்பு நிறங்களை எளிதில் ஏற்கவில்லை. ஆதலால் கடலும் கரையும் தெளிவாகப் பதியும்வரை காத்திருந்தால், வானம் அளவுக்கு மிஞ்சிய ஒளியேற்று அச்சில் வெற்று வெண்மையாகியது. முகில்களைக் கருதி விரைவில் மூடினால் நிலமும் நீரும் இருண்டன.

பிரான்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். 1857இல் செத் என்னும் துறைமுக நகரில் அவர் எடுத்த 'பேரலை' என்னும் படத்தில் கடலுக்கு ஒரு தகடும் வானுக்கு மற்றொரு தகடும் பயன்பட்டன. ஒன்றைத் தாளில் அச்சிடும்போது மற்றொன்றுக்குரிய இடம் ஒளிபடாமல் மறைக்கப்பட்டது. இரண்டும் தொடுவானக் கோட்டில் பொருந்தின. படங்களை இணைக்கும் கலைக்கு மறைப்பே அடிப்படை என்பது இதனால் விளங்கும்.

கணினியில் மறைப்பு

1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருள், 1994இல் அடுக்குகள் என்னும் வசதியைப் பெற்றது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல் படங்களை அடுக்கலாம். மேலடுக்கு கீழடுக்கை முழுதும் மூடிவிடும். எந்த இடத்தில் மேலது தெரியவேண்டும், எந்த இடத்தில் கீழது தெரியவேண்டும் என்பதை வரையறுப்பதே அடுக்கு மறைப்பு.

மறைப்பு என்பதும் ஒரு படமே. ஆனால் அதில் வண்ணம் இல்லை. வெண்மை, கருமை, இடைப்பட்ட சாம்பல் ஆகியவை மட்டுமே உண்டு. வெண்மை காட்டும், கருமை மறைக்கும், சாம்பல் தன் அளவுக்கேற்ப ஓரளவு காட்டும். வழக்கமான மறைப்பில் கருமையின் மதிப்பு 0, வெண்மையின் மதிப்பு 255. மேற்படத்தின் ஒரு புள்ளியில் ஒளி அளவு 200 எனவும், கீழ்ப்படத்தில் அதே புள்ளியில் 100 எனவும் கொள்வோம். மறைப்பு அங்கே நடுச்சாம்பலாக இருப்பின் இரண்டும் பாதிப்பாதியாகக் கலந்து, ஏறத்தாழ 150 என்னும் அளவு கிடைக்கும்.

லெ கிரேயின் செயலை இன்று கணினியில் செய்வோர் வான் படத்தை மேலடுக்காகவும் கடல் படத்தைக் கீழடுக்காகவும் வைப்பர். மேலடுக்குக்கு மறைப்பைச் சேர்த்து, தொடுவானத்துக்குக் கீழுள்ள பகுதியில் கரும் தூரிகையால் தீட்டுவர். உடனே கடல் வெளிப்படும். கட்டடத்தின் விளிம்பு கூர்மையானது. அதற்குக் கடினமான தூரிகை பொருந்தும். மூடுபனி, புகை, தலைமுடி ஆகியவற்றின் விளிம்புகளுக்கு மென்மையான தூரிகை வேண்டும். விளிம்பு எத்துணை நேர்த்தியாயினும், ஒரு படத்தில் ஒளி இடப்புறமிருந்தும் மற்றொன்றில் வலப்புறமிருந்தும் வருமாயின் இணைப்பு பொய்த்தோற்றம் தரும்.

அழிப்பதும் மறைப்பதும்

அழிப்பான் கருவி படத்தின் பகுதியை நீக்கிவிடுகிறது. படத்தைச் சேமித்து மூடிய பின் அது மீள்வதில்லை. மறைப்போ எதனையும் நீக்குவதில்லை. தவறுதலாக மறைத்த இடத்தில் வெண்மையைத் தீட்டினால் போதும்; படம் பழுதின்றித் திரும்பும். எனவே, திருத்தவும் மாற்றிப் பார்க்கவும் அச்சமின்றி முனையலாம். ஆயினும் அடுக்குகளைப் பேணும் கோப்பு வடிவிலேயே சேமித்தல் வேண்டும். ஜேபெக் வடிவில் சேமித்தால் அடுக்குகள் ஒன்றாகிவிடும். அக்கோப்பில் மறைப்பு இராது.

இணைப்பும் உண்மையும்

1858இல் இங்கிலாந்தின் ஹென்றி பீச் ராபின்சன், நோயுற்று இறக்கும் நிலையிலுள்ள இளம்பெண்ணையும் அவள் குடும்பத்தாரையும் காட்டும் படம் ஒன்றை உருவாக்கினார். அது ஐந்து தகடுகளின் இணைப்பு, அதிலிருந்தோர் நடித்தவர்களே. எனினும் இத்தகைய துயரைப் படமாக்கலாமா எனப் பார்வையாளர் சிலர் வருந்தினர். 'ஒளிப்படம் உள்ளதையே காட்டும்' என்னும் நம்பிக்கை அத்துணை வலியது.

அந்நம்பிக்கை செய்தித்துறையில் உயிரனையது. 2003இல் இராக் போரின்போது அமெரிக்க நாளிதழ் ஒன்றின் முதற்பக்கத்தில், பொதுமக்களுக்குச் சைகை காட்டும் பிரித்தானியப் படைவீரரின் படம் வெளிவந்தது. பின்புலத்தில் சிலர் இருமுறை காணப்பட்டதைக் கூர்ந்து நோக்கியோர் கண்டுபிடித்தனர். ஒளிப்படக்காரர் அடுத்தடுத்து எடுத்த இரு படங்களை இணைத்திருந்தார். அதனால் பணியை இழந்தார். அவர் காட்டிய மனிதர்கள் மெய், இடமும் மெய், ஆனால் அந்தக் கணம் ஒருபோதும் நிகழவில்லை.

லெ கிரேயும் இரு படங்களையே இணைத்தார். வேறுபாடு கருவியில் இல்லை. காண்போருக்கு அளிக்கும் வாக்குறுதியில் இருக்கிறது. கலைப்படம் அழகை வாக்களிக்கிறது. செய்திப்படம் நிகழ்ந்ததை வாக்களிக்கிறது. மறைப்பின் அடியில் மூலப்படம் அழியாமல் இருப்பதுபோல, இணைத்தவர் நெஞ்சிலும் எது எங்கிருந்து வந்தது என்னும் தெளிவு அழியாமல் இருத்தல் வேண்டும். கேட்போருக்கு அதனை மறையாமல் உரைப்பதே இக்கலையின் அறம்.

கற்பவை கற்றபின்

1. ஒரே இடத்தைக் காலையிலும் மாலையிலும் படமெடுத்து, அடுக்கு மறைப்பின் வழி ஒன்றாக்கி, செய்முறையை வகுப்பில் விளக்குக.
2. அழிப்பதற்கும் மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
3. 'செய்திப்படத்தில் இணைப்பு கூடாது' – இக்கருத்து குறித்துக் கலந்துரையாடுக.