கணிப்பொறி வாங்குமுன்

பெற்றோர் சிறுகச் சேர்த்த பணத்தில் மேசைக் கணிப்பொறி வாங்கும் மாணவர்க்கு இரு வழிகள் உண்டு: பெயர்பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு ஒன்று, சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் பாகங்கள் வாங்கி ‘அசெம்பிள்’ செய்வது மற்றொன்று.

முன்னதில் பழுதுக்கு ஒருவரே பொறுப்பு. விண்டோஸ் உரிமமும் பெரும்பாலும் விலையில் அடங்கும். ஆயினும் சில நிறுவனங்கள் மதர்போர்டையும் பவர் சப்ளையையும் தமக்கே உரிய வடிவில் அமைப்பதால், பின்னாளில் வெளிப் பாகம் பொருந்தாது.

பின்னதில் அத்தொல்லை குறைவு. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறையே காரணம். ஆனால் உத்தரவாதம் பாகத்துக்குப் பாகம் வேறு. ரசீதுகளைக் காத்தல் நம் பொறுப்பு. பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் கூடாது. அது கெட்டால் பிற பாகங்களையும் கெடுக்கக்கூடும்.

ஆக, பழுதுபார்க்கத் தெரிந்தவர் அருகிலிருப்பின் அசெம்பிள் செய்க; இல்லையேல், விலை சற்றுக் கூடினும் நிறுவனத் தயாரிப்பே சிக்கனம்.