‘ஃபண்ட்ரெய்சர்’ என்னும் சொல்லும் நிதி திரட்டலைக் குறிக்கும் தமிழ் வழக்குகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் ‘ஃபண்ட்ரெய்சர்’ என்னும் சொல் நிதி திரட்டும் ஆளையும், அதற்கென நடத்தப்பெறும் நிகழ்ச்சியையும் சுட்டும். தண்டல், மகமை, பிடியரிசி, மொய் முதலிய தமிழ்ச் சொற்களோ கொடுப்போர்க்கும் பெறுவோர்க்கும் இடையிலுள்ள கடப்பாட்டை உணர்த்துவன. கலைச்சொல்லாக்கத்தில் இவ்வேறுபாடு கருதத்தக்கது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நிதி திரட்டல், மகமை, மொய் விருந்து, பொருள் மாற்றம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

இயற்கைப் பேரிடர், கல்வி, மருத்துவம் ஆகியவற்றிற்காகப் பொதுமக்களிடம் பொருள் பெறும் முயற்சிகள் இன்று பெருகியுள்ளன. அவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘நிதி திரட்டுபவர்’ எனப் பெயர்த்தால் நிகழ்ச்சி விடுபடுகிறது. ‘நிதி திரட்டும் நிகழ்ச்சி’ எனப் பெயர்த்தால் ஆள் விடுபடுகிறார். இச்சிக்கலுக்குரிய காரணம் சொல்லமைப்பிலும் பண்பாட்டிலும் உள்ளது.

சொல்லமைப்பு

ஆங்கிலத்தின் ‘எர்’ என்னும் ஈறு செய்பவரையும் கருவியையும் உணர்த்தும். சில சொற்களில் நிகழ்ச்சியையும் உணர்த்தும். தமிழின் ‘நர்’ ஈறோ ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் என உயர்திணைக்கே உரியது. எனவே ‘நிதி திரட்டுநர்’ என்பது ஆளையன்றி நிகழ்ச்சியைக் குறிக்க இயலாது. ‘திரட்டு’ என்னும் முதனிலைத் தொழிற்பெயரும் தனிப்பாடல் திரட்டு என்பதுபோலத் தொகைநூலைக் குறித்து நிலைபெற்றுவிட்டது.

கடப்பாட்டு நோக்கில் தமிழ்ச் சொற்கள்

‘தண்டுதல்’ வரி முதலியவற்றைப் பெறுதலைக் குறிக்கும். இதில் கொடுப்போரின் விருப்பத்திற்கு இடமில்லை. நாள்தோறும் திருப்பிப் பெறப்படும் கடனைத் ‘தண்டல்’ என வழங்கும் இன்றைய வழக்கிலும் அக்கட்டாயப் பொருள் தொடர்கிறது.

‘மகமை’ வணிகர் தம் வணிகத்தின் மீது தாமே விதித்துக்கொண்ட பங்கு. கட்டாயமும் விருப்பமும் இதில் ஒன்றுகூடுகின்றன. தனியொருவருக்கு இது கட்டாயம். குழுவினர்க்கோ இது தம் ஒப்புதலால் அமைந்தது. தென்மாவட்ட நாடார் வணிகர்களின் மகமை நிதி கோயில்களுக்கும் கல்விக்கும் பயன்பட்டது. விருதுநகரில் 1889இல் தோன்றியதும் பின்னாளில் காமராசர் பயின்றதுமான சத்திரிய வித்தியாசாலைக்கு, வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் துணைநின்றது. ‘பிடியரிசி’ என்னும் சொல் கொடையின் அளவையே பெயராகக் கொண்டது. வறியவரும் கொடையாளராகலாம் என்னும் குறிப்பு அதில் அடங்கியுள்ளது.

‘மொய்’ என்பதன் அடிப்பொருள் நெருங்கித் திரளுதல். ‘திரட்டல்’ என்பதன் பொருட்புலமும் இதுவே. எனினும் மொய் திருப்பிச் செய்யப்பட வேண்டியது. புதுக்கோட்டை மாவட்டத்திலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் நிகழும் மொய் விருந்தில் ஒவ்வொருவரும் செய்த தொகை மொய் நோட்டில் எழுதப்படும். செய்தவர் விருந்து வைக்கும்போது, பெற்றவர் அதனைக் கூடுதல் தொகையுடன் திருப்பிச் செய்வார். ஆதலின் இது கொடையன்று. ஊரார் ஒருவருக்கொருவர் முதல் அளிக்கும் முறை.

பொருள் மாற்றம்

2018ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்திலும், 2024ஆம் ஆண்டு வயநாட்டு நிலச்சரிவின்போது திண்டுக்கல்லிலும் நிவாரணத்திற்காக மொய் விருந்துகள் நடத்தப்பெற்றன. இவற்றில் விருந்தும் தொகையளித்தலும் நீடித்தன. திருப்பிச் செய்யும் கடப்பாடு நீங்கியது. ஆங்கிலச் சொல்லின் நிகழ்ச்சிப் பொருளுக்கு ஈடான தமிழ் வழக்கு, மொழிபெயர்ப்பின் துணையின்றி மக்களிடமே உருவானமைக்கு இது சான்றாகும். ஆயினும் மொய் முறை வழங்கும் பகுதிகளில் அடையின்றி ‘மொய் விருந்து’ என அழைப்பிதழில் குறித்தால், அளித்த தொகை திரும்பும் என்னும் எதிர்பார்ப்புக்கு இடமுண்டு. ‘நிவாரண மொய் விருந்து’ என அடைகொடுத்து வழங்குதல் அம்மயக்கத்தை நீக்கும்.

முடிவுரை

ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுதல் வேண்டுவதின்று. ஆளை ‘நிதி திரட்டுநர்’ என்றும், செயலை ‘நிதி திரட்டல்’ என்றும், நிகழ்ச்சியை ‘நிதி திரட்டு விழா’ அல்லது ‘நிவாரண மொய் விருந்து’ என்றும் இடத்திற்கேற்ப வழங்கலாம். பெறுவது திரும்பாக் கொடையா, திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யா, விதிக்கப்பட்ட பங்கா என்பதைக் கொடுப்போர் அறிதல் இன்றியமையாதது. அத்தெளிவைத் தரும் சொல்லே தக்க கலைச்சொல் எனலாம்.