சுவாமிநாதனை வகுப்பில் எப்படி நடத்துவது?

ஹைஸ்கூல் விடைத்தாள் கட்டைத் திருத்த உட்காருகிறீர்கள். சுவாமிநாதன் தைரியசாலி, குறும்பன், நட்புக்கு உயிரைக் கொடுப்பவன் என்று எல்லாத் தாளிலும் ஒரே வரிசையில் வருகிறது. பிள்ளைகள் மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் படித்தது நோட்ஸை, நாவலை அல்ல.

சுவாமிநாதன் வரும் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலை ஆர்.கே. நாராயண் 1930-ல் இதே பெங்களூரில் எழுதத் தொடங்கினார்; அது 1935-ல் வெளிவந்தது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் சேர்ந்ததுதான் கதை நடக்கும் மால்குடி என்று இங்கே பலர் சொல்வார்கள். ஆனால் அந்த ஊர் ஒரு ரயில் நிலையத்தோடு மனதில் தோன்றியது என்றுதான் அவர் எழுதினார். இந்தப் பின்னணிக்கு இரண்டு நிமிடம் போதும்.

சுவாமியின் மீள்திறனை (அடி வாங்கியபின் மறுபடி நிமிர்வதை) தைரியம் என்று சொல்லித் தருவதுதான் கோளாறு. போர்டு ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியர் பிரம்பை எடுக்கிறார்; பையன் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடுகிறான். அன்று இரவே மெம்பி சாலை இருட்டில் வழி தெரியாமல் நடுங்குகிறான். வனத்துறை அதிகாரியின் உதவியால் வீடு திரும்புகிறான். ஆனால் அதற்குள் கிரிக்கெட் மேட்ச் போய்விட்டது, நண்பன் ராஜமும் விலகிவிட்டான்.

இந்த ஒரு பகுதிக்கே மூன்று வகுப்புகள் ஒதுக்குங்கள். நேர வரிசையில் அட்டவணை போடச் சொல்லுங்கள்: என்ன செய்தான், எதற்குப் பயந்தான், ஆதாரம் எந்தப் பக்கம். பக்க எண் இல்லாத பெயரடைக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளரும் பிள்ளைகள் முதலில் வாய்க்கு வந்த மொழியில் விவாதிக்கட்டும். இங்கிலீஷில் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கெட்டிக்கார வகுப்பாக இருந்தால் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் 1887-ஆம் ஆண்டு நாவலில் வரும் சிறுவன் பசிலியோவைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பிலிப்பைன்ஸ் மாணவர்கள் ரிசாலைப் படிக்க வேண்டும் என்று 1956-லேயே அங்கே சட்டம் வந்தது. தம்பியையும் தாயையும் இழந்த அந்தச் சிறுவன், அடுத்த நாவலில் மருத்துவ மாணவனாக வருகிறான். சுவாமிக்குத் திரும்பிவர வீடு இருந்தது, பாட்டி இருந்தாள். பசிலியோவை யார் தூக்கிவிட்டார்கள்? இந்தக் கேள்விக்கு எந்த நோட்ஸிலும் விடை இருக்காது.

ஓடிப்போகும் கதையைப் படித்தால் பிள்ளையும் ஓடிவிடுவான் என்று சில பெற்றோர் பதறுவார்கள். அதற்காகப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். பிரம்படிக் காட்சியில் ஒரு பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போனால் மட்டும் கவனியுங்கள். வகுப்பு நடுவில் துருவ வேண்டாம்; தனியாகப் பேசுங்கள். வீட்டில் அடி விழுகிறது என்று தெரியவந்தால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கிறது.

இன்னொன்று, சங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடர். நல்ல தொடர்தான். ஆனால் நாவலை முடித்தபின் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால், விடைத்தாளில் சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் நடிப்பைத்தான் எழுதி வைப்பார்கள்.