முகாமும் முட்கம்பி வேலியும்



வீடிழந்து வருவோர் எல்லோரையும் 'அகதி' என்கிறோம். சட்டம் இருவகையாகப் பிரிக்கிறது. நாட்டெல்லை கடந்து அடைக்கலம் தேடுபவரே 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அகதி. சொந்த நாட்டுக்குள் அலைபவர் இடம்பெயர்ந்தவர். அவர் குடிமகனாகவே இருக்கிறார். நடமாடும் உரிமையும் அவருக்குண்டு. மிகவும் அவசியமான விதிவிலக்கான நிலையிலன்றி அவரை முகாமில் அடைக்கலாகாது என்பது 1998ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் வழிகாட்டிக் கோட்பாடு.

வவுனியாவில் நடந்தது என்ன? 2009இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ 280,000 மக்களுள் பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாமில் வைக்கப்பட்டனர். உணவும் கூடாரமும் கொடுக்கப்பட்டன. சுற்றிலும் முட்கம்பி, வாயிலில் இராணுவம். போராளிகளைப் பிரித்தெடுக்க வேண்டும், கண்ணிவெடி அகற்ற வேண்டும் என்றது அரசு. இந்த நியாயம் பாலூட்டும் தாய்க்கும் பள்ளிப் பிள்ளைக்கும் பொருந்துமா? வெளியே சென்றுவரப் பொதுவான அனுமதி கிடைத்தது 2009 டிசெம்பர் 1ஆம் திகதியே.

2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. இறுதியாக வெளியேறியோருள் முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்களும் இருந்தனர். அவர்களது ஊரில் படையினர் இருந்தமையால், சீனியாமோட்டையில் காடழித்த நிலத்தில் இறக்கப்பட்டனர். அவ்வூரின் பிலக்குடியிருப்புப் பகுதியினர் 2017இல் படைமுகாம் வாயிலில் ஒரு மாதம் அமர்ந்திருந்த பின்னரே தம் காணியை மிதித்தனர்.

ஆகவே மூன்று கேள்விகளை மனத்திற் கொள்வோம். வந்தவருக்குச் சோறு கிடைத்ததா? வாயில் திறந்திருந்ததா? சொந்தக் காணி திரும்பியதா? முதற் கேள்வியோடு நம் பணி முடிந்ததென்று எண்ண வேண்டாம். உங்கள் அயலில் மீளக்குடியேறியவரிடம் மற்ற இரண்டையும் விசாரியுங்கள்.