சத்தம் போடும் கியர்பாக்ஸ்: தொழிலுக்கு வந்த இளம் மெக்கானிக்குக் கடிதம்

பழைய காரின் கியர்பாக்ஸ் சத்தம் போட்டால் அதைக் கீழே இறக்குவது கடைசி வேலை. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது முதல் வேலை. கியர்பாக்ஸுக்குள் எல்லாப் பாகங்களும் எந்நேரமும் சுற்றுவதில்லை. ஒரு நிலையில் சில சுற்றும், சில நிற்கும். சில சுமை தாங்கும், சில சும்மா ஓடும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், பெட்டியைத் திறக்காமலே பழுதான பாகத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். கணக்கு தெரியாதவர் பெட்டியைத் திறந்தாலும், மேஜைமேல் பரப்பிய பல்சக்கரங்களில் எது குற்றவாளி என்று தெரியாமல்தான் நிற்பார்.

கற்றுக்கொள்ள அம்பாசடர் நல்ல வண்டி. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரான இந்தக் கார், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்தது. 1489 சிசி இன்ஜின் கொண்ட பழைய வண்டிகளில் முன்னோக்கிச் செல்ல நான்கு கியர், பின்னே வர ஒன்று. கிளட்சிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட், கீழே உள்ள லே ஷாஃப்டைச் சுற்றவைக்கும். லே ஷாஃப்டின் பற்கள் மேலே உள்ள மெயின் ஷாஃப்டின் கியர்களுக்கு விசையைக் கொடுக்கும். டாப் கியரில் மட்டும் இந்தச் சுற்றுவழி கிடையாது. இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். லே ஷாஃப்ட் சுமையில்லாமல் வெறுமனே சுற்றும். சோதனைகளில் பாதி இந்த ஒரு உண்மையை நம்பியே நடக்கின்றன.

சத்தங்களில் சில பிறவியிலேயே வந்தவை. ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. சாய்வாக வெட்டிய பற்களைப்போல் வழுக்கிச் சேராமல், ஒவ்வொன்றும் தட்டிச் சேர்வதால் ஊளைச் சத்தம் எழும். புது வண்டியிலும் அது இருந்தது. அதேபோல் இந்த வண்டியின் முதல் கியரில் சிங்க்ரோ அமைப்பு கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியருக்குத் தள்ளினால் ‘கர்ர்’ என்று பல் உரசத்தான் செய்யும். வண்டியை நிறுத்திவிட்டுப் போடலாம். இல்லையென்றால் கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் நியூட்ரலில் சற்று ஆக்சிலேட்டர் கொடுத்துப் போடலாம். சிங்க்ரோ வசதி முதன்முதலில் 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முந்தைய ஓட்டுநர்கள் எல்லாக் கியரையும் இப்படித்தான் மாற்றினார்கள். ஓட்டுபவருக்குச் சொல்லிக்கொடுத்தால் தீரும் குறைக்கு ஸ்பானர் எடுப்பது வீண்.

நிஜமான சோதனை வண்டி நிற்கும்போது தொடங்குகிறது. இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். கியர் நியூட்ரலில், கால் கிளட்சுக்கு வெளியே இருக்கட்டும். இப்போது சுற்றுபவை இன்புட் ஷாஃப்ட், லே ஷாஃப்ட், எப்போதும் கோத்திருக்கும் கியர்கள். இந்த நிலையில் உறுமல் கேட்டு, கிளட்சை முழுதாக மிதித்ததும் அது அடங்கினால், இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்டின் ஊசி ரோலர்கள் தேய்ந்திருக்கின்றன. டீசல் அம்பாசடரில் ஐடிலில் வரும் லேசான கடகடப்பை மட்டும் உடனே பேரிங் கணக்கில் எழுதக்கூடாது. டீசல் இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் கியர் பற்களை ஒன்றோடொன்று தட்டவைக்கும். அதைத் தணிக்கத்தான் கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. அவை தளர்ந்தாலும் இதே சத்தம் வரும்.

மாறாக, கிளட்சை மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் கியர்பாக்ஸைக் குறைசொல்ல வேண்டாம். பெடலை லேசாகத் தொட்டதும் ‘கிறீச்’ என்றால் ரிலீஸ் பேரிங். பழைய பெட்ரோல் அம்பாசடரில் இது உருண்டைகள் கொண்ட பேரிங் அல்ல, கார்பன் வளையம். ஓட்டும்போது பெடல்மேலேயே கால் வைத்திருப்பவரின் வண்டியில் கார்பன் சீக்கிரம் கரைந்து, இரும்பு இரும்போடு உரசும். கியரில் போட்டுக் கிளட்சை முழுதாக மிதித்து நிற்கையில் மட்டும் சத்தம் வந்தால், கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் வெண்கலப் புஷ்ஷையும் சந்தேகிக்கலாம். இன்ஜின் சுற்ற, ஷாஃப்ட் நிற்க, அந்த இடத்தில் அப்போது மட்டும்தான் உரசல் இருக்கிறது.

அடுத்தது சாலைச் சோதனை. ஒவ்வொரு கியரிலும் ஒருமுறை ஆக்சிலேட்டரை அழுத்தியும், ஒருமுறை காலை எடுத்தும் கேட்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றில் இரைந்து டாப்பில் அமைதியானால் லே ஷாஃப்ட். ஒரே ஒரு கியரில் மட்டும் இரைந்தால் அந்த ஜோடிப் பற்கள். எல்லாக் கியரிலும், டாப்பிலும், வேகத்தோடு சேர்ந்து ஏறினால் மெயின் ஷாஃப்டின் பின் பேரிங்கிலிருந்து பின் அச்சு வரை எதுவாகவும் இருக்கலாம். அப்போது இன்ஜினை நிறுத்தாமல், நியூட்ரலில் போட்டு, ஆளில்லாத சாலையில் வண்டியை உருளவிட வேண்டும். சத்தம் அப்படியே தொடர்ந்தால் பிராப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், டிஃபரன்ஷியல், வீல் பேரிங் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்றால் கிரவுன், பினியன்மேல் சந்தேகம் வலுக்கும். டிஃபரன்ஷியல் சத்தத்துக்காகக் கியர்பாக்ஸைக் கழற்றிப் பூட்டிய கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

சோதனை எதைச் சொன்னாலும், அடுத்துப் பார்க்க வேண்டியது ஆயில். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்ற வேண்டும். வடிகால் பிளக்கை முதலில் திறந்து ஆயிலைக் கொட்டிவிட்டு, மேலுள்ள பிளக் துருவேறி அசையாமல் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஆயில் சூடாக இருக்கும்போது வடித்துப் பார்த்தால் அது நிறையச் சொல்லும். சாம்பல் நிற நுண்பசை வழக்கமான தேய்மானம். பித்தளை மினுக்கம் தெரிந்தால் சிங்க்ரோ ரிங் கரைகிறது. விரலில் குத்தும் இரும்புத் துணுக்கு பல்லோ பேரிங்கோ உடைந்ததற்குச் சாட்சி. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அளவு குறைந்திருந்தால், எந்த சீல் வழியாகப் போனது என்று கண்டுபிடிக்காமல் நிரப்பி அனுப்புவது அரைவேலை.

எந்த ஆயில் என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. டப்பாவில் ‘ஜிஎல்-5’ என்று இருந்தால் ‘ஜிஎல்-4’ஐ விட உயர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். ஜிஎல்-5 டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பற்களுக்கான ஆயில். அதிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் சில வகைகளில் பித்தளையை அரிக்கும். வழுக்கலும் கூடுதல் என்பதால் சிங்க்ரோ ரிங் பிடிக்காமல் கியர் கரகரக்கும். எண்ணும் ஏமாற்றும்: கியர் ஆயிலின் 90, இன்ஜின் ஆயிலின் 40, 50க்கு அருகிலுள்ள தடிமன்தான், இரண்டும் வேறு வேறு அளவுகோல். அந்த வண்டியின் கையேடு சொல்வதை ஊற்றுவதே சரி. சத்தத்தை அமுக்க 140 ஆயில் ஊற்றுவது லாரிப் பட்டறையிலிருந்து வந்த பழக்கம். சத்தம் குறையும், காலைக் குளிரில் கியர் விழாது, பேரிங் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். மரத்தூள் போட்டு விற்ற பழைய கார் வியாபாரிகளின் தந்திரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கியர் விழும்போது மட்டும் கரகரப்பு என்றால் கிளட்ச் முழுதாக விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெடலை மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் பல் உரசினால், கிளட்ச் இழுக்கிறது. ஸ்டியரிங் தண்டில் கியர் உள்ள வண்டிகளில் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்தும் சலசலக்கும். சில்லறைச் செலவில் தீரும் வேலை அது.

இத்தனைக்கும் பிறகு பெட்டியை இறக்கியே ஆக வேண்டும் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். பேரிங்கைப் பொருத்தும்போது இறுக்கமாக அமரும் வளையத்தைத்தான் தட்ட வேண்டும். உருண்டைகள் வழியாக அடி போனால் புதுப் பேரிங் முதல் நாளே கெடும். வளையத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டால் பேரிங் கடையில் தேட வேண்டியதில்லை: 6306 போன்ற எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 30 மில்லிமீட்டர். லே ஷாஃப்டின் ஊசி ரோலர்களை மாற்றும்போது அவை ஓடிய தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். குழிவிழுந்த தண்டில் புது ரோலர் நிலைக்காது. கியர்களையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய பல்லோடு புதுப்பல் கோத்தால், போன சத்தம் வேறு சுருதியில் திரும்பி வரும்.

இந்த முறை முழுவதையும் மாருதி 800இல் அப்படியே பொருத்தக் கூடாது. முன்சக்கர இயக்கமுள்ள அந்தப் பெட்டியில் லே ஷாஃப்ட் இல்லை. நேரடி டாப் கியரும் இல்லை. டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள், அதே ஆயிலில் இருக்கிறது. ஆகவே ‘டாப்பில் அமைதி’ என்ற சோதனை அங்கே ஒன்றும் சொல்லாது. திருப்பத்தில் ‘டக் டக்’ என்று வந்தால் பெட்டியை விட்டுவிட்டு ஆக்சிலின் சிவி ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும்.

பல வருடமாக ஒரே அளவில் இருக்கும் மெல்லிய ஊளையை, ஆயில் சுத்தமாக இருக்கும்வரை, விட்டுவைக்கலாம். வாரத்துக்கு வாரம் ஏறும் உறுமலை விடக் கூடாது. பேரிங்கோடு முடியும் செலவு ஷாஃப்டுக்கும் பற்களுக்கும் பரவும். எது எந்த வகை என்று வண்டிக்காரரிடம் பெட்டியை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாற்றிய பழைய பாகங்களை வேலை முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.