பொசுக்கென்று அணையும் கேமிங் கம்ப்யூட்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திசையன்விளையை அடுத்த ஆயன்குளத்தில் ஒரு கிணறு இருக்கிறது. மழை வெள்ளம் எவ்வளவு பாய்ந்தாலும் நிரம்பாததால் 'அதிசயக் கிணறு' என்றே பேர் விழுந்துவிட்டது. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் கருவிகளோடு வந்து பார்த்தார்கள். அடியிலிருக்கும் சுண்ணாம்புப் பாறை கரைந்து குகை வழிகள் உண்டாகியிருக்கின்றன, தண்ணீர் அவற்றின் வழியே பரவிப் போகிறது என்று விளக்கமும் கிடைத்தது. அதே வட்டாரத்தில், வீட்டில் அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர் ஆட்டத்தின் நடுவே அணைந்தால் யாரும் எதையும் அளப்பதில்லை. நேரே தீர்ப்புக்குப் போய்விடுகிறோம்: "கார்டு போச்சு", "கரன்ட்டு சரியில்ல", "ஃபார்மட் அடிச்சிரு".

இந்தத் தீர்ப்புகளுக்குச் செலவு உண்டு. பம்பாயில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவோ வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணனோ அனுப்பிய பணத்தில், ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து ஒரு பையன் பூட்டிய பெட்டி அது. தவறான பாகத்தை மாற்றினால் பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும். அதனால் இங்கே அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

"ஸ்கிரீன்லயே வீடியோ மெமரின்னு போட்டிருக்கு. அப்ப கார்டுதான் காலி."

இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் உலகம் முழுக்க இப்படி ஏமாந்தார்கள். இன்டெலின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் போட்ட கம்ப்யூட்டர்களில் பல பெரிய கேம்கள் திறக்கும்போதே விழுந்தன. திரையில் வந்த செய்தி: வீடியோ மெமரி போதவில்லை. 24 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்திதான். பலர் கார்டைச் சந்தேகித்தார்கள், டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டார்கள். உண்மையில் கேம் திறக்கும்போது சுருக்கி வைத்த கோப்புகளை விரித்துக் கொடுப்பது பிராசசரின் வேலை. அந்த வேலையில் பிராசசர் பிழை விட்டது. பிழையான கணக்கை வாங்கிக்கொண்ட இடத்தில் செய்தி எழுந்தது. 2024 ஏப்ரலில் கார்டு தயாரிக்கும் என்விடியாவே, இந்தச் செய்தி வந்தால் இன்டெலைக் கேளுங்கள் என்று சொல்லும் நிலை வந்தது. அந்த ஜூலையில் இன்டெல் காரணத்தை ஒப்புக்கொண்டது. பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டிருக்கிறது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. கடையில் பெட்டியோடு வாங்கிய பிராசசர்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டினார்கள்.

இதில் இரண்டு விஷயம் நமக்கு உதவும். பாதிக்கப்பட்ட பாகத்தின் பெயரைத்தான் செய்தி காட்டும். கோளாறு வேறெங்கோ இருக்கலாம். இன்னொன்று, அந்தத் திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வருகிறது. அது இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரைச் சரிசெய்யாது. அந்தத் தலைமுறை பிராசசர் வைத்திருந்து இன்னும் பயாஸைத் தொடாதவர்கள் இந்த வாரமே தொடுங்கள். விழுந்துகொண்டே இருந்தால் பில்லைத் தேடி எடுத்து உத்தரவாதத்தில் மாற்றக் கேளுங்கள்.

"ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41ன்னு வருது. பவருன்னா எஸ்எம்பிஎஸ்தானே?"

இல்லை. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது என்பதைத் தவிர 41 வேறெதையும் சொல்வதில்லை. அந்த வரியைத் திறந்து விவரத்துக்குள் போனால் 'பக்செக்கோடு' என்று ஒரு இடம் இருக்கும். அங்கே பூஜ்யம் இல்லாமல் ஒரு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ரேமையோ டிரைவரையோ தேடலாம். பூஜ்யமாக இருந்தால் விண்டோஸ் எழுதி வைக்கக்கூட நேரமில்லாமல் எல்லாம் நின்றுபோயிருக்கிறது. அப்போதுதான் மின்சாரத்தின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். அருகிலேயே 'வியா-லாகர்' என்ற பெயரில் வரிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வன்பொருளே தன் பிழையைப் புகார் செய்திருக்கிறது.

"கூடங்குளம் பக்கத்துல இருக்கு, காத்தாடியும் சுத்துது. அதான் கரன்ட்டு ஏறி இறங்குது."

கூடங்குளம் உலையின் மின்சாரம் 400 கிலோவோல்ட் கம்பிகளில் ஏறி நாடு முழுக்கப் போகும் கட்டமைப்பில் கலக்கிறது. உங்கள் வீட்டு பிளக்கில் வரும் வோல்டேஜைத் தீர்மானிப்பது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் அங்கிருந்து வரும் லைனின் நீளமும் மின்கம்பத்தில் இருக்கும் ஜாயின்ட்டும்தான். ஆனி, ஆடிக் காற்றில் பனை ஓலை கம்பியில் உரசும். உவரிப் பக்கத்து உப்புக் காற்று இன்சுலேட்டரில் படியும். முருங்கைத் தோட்டத்தில் போர் மோட்டார் போடும் நொடியில் வோல்டேஜ் சற்றுச் சரியும். இவை உண்மையான காரணங்கள்.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி வினாடி. மின்சாரம் நின்றால் நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் ஏறத்தாழ 16, 17 மில்லி வினாடி தாக்குப்பிடிக்கும். மட்டமானது அதுகூடத் தாங்காது. ஆகவே ஒரு சுழற்சி தவறினாலே கம்ப்யூட்டர் விழலாம். அந்த நேரத்தில் ஃபேன் நிற்காது, லைட்டிலும் ஒன்றும் தெரியாது. "வீட்ல கரன்ட்டே போகலியே" என்று அம்மா சொல்வதும் உண்மை, கம்ப்யூட்டர் விழுந்ததும் உண்மை. ஒரு நோட்டில் அணைந்த நேரத்தையும் அப்போது வீட்டிலோ பக்கத்திலோ என்ன மோட்டார் போட்டார்கள் என்பதையும் எழுதி வாருங்கள். மோட்டார் நேரத்தோடு பொருந்தினால் விடை பாதி கிடைத்துவிட்டது.

இதற்கு ஸ்டெபிலைசர் மருந்தல்ல. இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும். ரிலே தட்டும் ஸ்டெபிலைசர் நடுவில் நின்று புதிதாக ஒரு சின்ன இடைவெளியைத்தான் சேர்க்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருந்தால், பின்பக்கம் 'யூபிஎஸ்' நிலைக்கு மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் மாறும் நேரம் குறைவு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கேமிங் கம்ப்யூட்டரை அதில் போடவே வேண்டாம். 600 விஏ யூபிஎஸ் வாங்குகிறவர்கள், அது பெரும்பாலும் 360 வாட்தான் தரும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். கேம் ஓடும்போது அதைத் தாண்டினால் கரன்ட் போன நொடியில் யூபிஎஸ்ஸும் சேர்ந்தே அணையும்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது ஏறத்தாழ 115 வோல்ட்டை, மிகச் சிறிய மின்னோட்டத்தோடு, கேபினெட்டில் ஏற்றி வைக்கும். தேரி மணல் வறண்டால் மின்சாரத்தைக் கடத்தாது. வீடு கட்டும்போது இறக்கிய எர்த் குழி கோடையில் பேருக்குத்தான் இருக்கும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், எலக்ட்ரீசியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டுச் சொருகும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. கம்ப்யூட்டர் விழுகிறதோ இல்லையோ, இதை உடனே பாருங்கள்.

"எஸ்எம்பிஎஸ் 650 வாட், 80 பிளஸ் முத்திரையும் இருக்கு. அதுல குறையே இருக்காது."

80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. வோல்டேஜ் நிலையாக நிற்குமா என்பதற்குச் சான்று அல்ல. சக்திவாய்ந்த கார்டுகள் கண் இமைப்பதற்குள் தங்கள் வாட் கணக்கைப் போல இரு மடங்கு இழுத்துவிட்டு இறங்கும். அதனால்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, பெரிய எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோ வினாடிக்கு 200 சதவீதச் சுமையைத் தாங்க வேண்டும் என்றது. சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கேமில் ஃபிரேம் எண்ணிக்கையை 60-க்குக் கட்டிப்போட்டு ஆடுங்கள். அணைவது நின்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் வலுக்கிறது. கார்டில் இரண்டு சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளின் இரு கிளைகளைச் சொருகாமல் தனித்தனி கேபிள் போடுங்கள்.

"ரேமை ரப்பர் வச்சுத் தேய்ச்சா சரியாயிரும்."

பாதி உண்மை இருப்பதால்தான் இந்த வைத்தியம் சாகாமல் இருக்கிறது. உப்புக் காற்றும் செம்மண் தூசியும் உள்ள ஊரில் ரேமின் தங்க முனைகளில் மெல்லிய படலம் படியும்; கழற்றி மாட்டினாலே அது உரசிப் போய்த் தொடர்பு திரும்பிவிடும். பெரும்பாலும் சரிசெய்தது கழற்றி மாட்டியதுதான், ரப்பர் அல்ல. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ரப்பர் அதைத் தேய்க்கும், துகளையும் ஸ்லாட்டில் விட்டுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

ரேமில் பலர் பார்க்காமல் விடுவது வேறு. பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் டிடிஆர்5 ரேம் தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போட்டால்தான் ஓடும், அதுவும் ஒருவகை ஓவர்கிளாக்தான். எல்லாப் பிராசசரும் மதர்போர்டும் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. முதலில் அதை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். அப்படி வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுப் பிடிக்கலாம்.

"சூடுதான் காரணம். பக்கக் கதவைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனை வை."

ரைசன் 7000 வரிசை 95 டிகிரியில் ஓடவே வடிவமைக்கப்பட்டது. வரம்பைத் தொட்டால் பிராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால்தான் அணையும். ஆகவே 88 டிகிரி காட்டுகிறது என்பதற்காகப் பழியை அதன் மேல் போட முடியாது. கதவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து கேபினெட் ஒன்றைப் பார்த்தால் தெரியும். கார்டின் ஹீட்சிங்க் இடுக்குகளில் சிவந்த மணல் பாய் மாதிரி ஒட்டியிருக்கும், எஸ்எம்பிஎஸ் ஃபேன் கரகரக்கும். கதவை மூடுங்கள், ஃபில்டரைக் காற்றுக் காலத்தில் மட்டுமாவது அடிக்கடி கழுவுங்கள்.

"எதுக்கு இவ்வளவு? ஃபார்மட் அடிச்சா முடிஞ்சுது."

ரேமில் பிழை இருக்கும்போது விண்டோஸை ஏற்றினால், அந்தப் பிழையோடேயே கோப்புகள் எழுதப்படும். புது விண்டோஸும் விழும். மென்பொருளால் தீர்ந்த கோளாறுகளும் உண்டு. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த புதிதில் கேம்கள் விழுந்தபோது, கார்டின் பின்பக்கக் கப்பாசிட்டர்தான் காரணம் என்று உலகமே பேசியது; மாதக் கடைசியில் வந்த டிரைவரில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை அடங்கியது. அதற்கும் டிரைவர் மாற்றமே போதுமாக இருந்தது, ஃபார்மட் தேவைப்படவில்லை. ரேம் சோதனை, எக்ஸ்எம்பி, பயாஸ், கேபிள், டிரைவர் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்த பிறகு ஃபார்மட்டுக்கு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. கடைக்குக் கொடுப்பதானால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'மினிடம்ப்' கோப்புகளையும் வீட்டுப் படங்களையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, அணைந்த நேரம் எழுதிய அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.